பிறக்காதவருக்கு ஒரு ஓட்டு

1843-ஆம் வருடம் மே 13-ஆம் தேதி பிரிட்டனின் இரண்டாவது மாபெரும் மனிதர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே அச்சில் சுழலும் ஒரு பலகை. அதில் அவரைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பலகையை வடிவமைத்தவர் வேறு யாருமல்ல, அதில் கட்டுண்டு கிடந்தவரேதான். முதுகில் தட்டினார்கள், இருமினார், மறுபடி தட்டினார்கள். ஆறு வாரமாக மூச்சுக்குழலில் குடித்தனம் நடத்திவந்த அரை சவரன் தங்கக் காசு வாய் வழியாக வெளியே வந்து விழுந்தது.

மனுஷன் பெயர் இஸம்பார்ட் கிங்டம் புரூனல். பாலம் கட்டுவார், சுரங்கம் தோண்டுவார், ரயில் பாதை போடுவார், கப்பல் செய்வார். இவ்வளவு செய்கிறவர் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்கலாம் அல்லவா? பிள்ளைகளுக்கு மந்திர வித்தை காட்டுகிறேன் என்று காசை வாயில் ஒளித்தார். காது வழியாக எடுத்துக் காட்டவேண்டிய காசு வழி தவறி உள்ளே இறங்கிவிட்டது. (நம் நகைக்கடையில் சொல்கிற சவரன் இந்த ஆங்கிலக் காசிலிருந்து வந்ததுதான். அரை சவரன் என்றால் ஏறக்குறைய நான்கு கிராம். இன்றைய விலைக்கு இது நம் வீட்டில் நடந்திருந்தால், ஆளைக் காப்பாற்றுவதா காசைக் காப்பாற்றுவதா என்று சற்று நேரம் யோசனை ஓடியிருக்கும்.) டாக்டர் தொண்டையில் துளை போட்டு இடுக்கி விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. கடைசியில் பலகைதான் கைகொடுத்தது. செய்தி கிடைத்ததும் மெக்காலே, ஆமாம், நமக்கெல்லாம் இங்கிலீஷ் படிக்கச் சொன்ன அதே மெக்காலே, "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று கூவிக்கொண்டு லண்டன் கிளப்புக்குள் ஓடினாராம். எது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் புரூனலுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது 159 வருடம் கழித்து. 2002-இல் பி.பி.சி.க்கு ஒரு யோசனை தோன்றியது. பிரிட்டனில் இதுவரை பிறந்தவர்களிலேயே மிகப் பெரியவர் யார்? மக்களே சொல்லட்டும். முதலில் நூறு பேர் பட்டியல். அதில் முதல் பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி. ஒவ்வொருவருக்காகவும் வாதாட ஒரு பிரபலம். அப்புறம் தொலைபேசியிலும் இணையத்திலும் ஓட்டு. சுருக்கமாகச் சொன்னால் பட்டிமன்றம். நம் பட்டிமன்றத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான்: இங்கே கடைசியில் நடுவர் எழுந்து "இருவருமே சிறந்தவர்கள்" என்று சொல்லி எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிடுவார். அங்கே அந்த நாகரிகம் இல்லை. தோற்றவர் தோற்றவர்தான்.

பட்டியலைப் பார்த்தாலே ஒரு நாட்டின் மனசு என்ன மாதிரி இறைந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும். கால்பந்து பெக்கம் 33-ஆவது இடம். நாவலாசிரியர் டிக்கன்ஸ் 41. அப்போது பதவியில் இருந்த பிரதமர் டோனி பிளேருக்கு 67. அதே நாட்டின் பாராளுமன்றத்தை 36 பீப்பாய் வெடிமருந்து வைத்து, உள்ளே இருப்பவர்களோடு சேர்த்துத் தகர்க்கப் பார்த்து 1605-இல் பிடிபட்ட கை ஃபாக்ஸுக்கு 30. பிரதமரைவிட, பிரதமர் உட்காரும் கட்டடத்துக்கு வெடி வைத்தவர் 37 படி மேலே. பாராளுமன்றத்துக்குள் நேர்மையான எண்ணத்தோடு நுழைந்த ஒரே மனிதர் அவர்தான் என்று அந்த ஊரில் ஒரு பழைய கிண்டல் உண்டு. ஓட்டுப் போட்டவர்கள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

முதல் பத்தில் இளவரசி டயானா மூன்று, டார்வின் நான்கு, ஷேக்ஸ்பியர் ஐந்து, நியூட்டன் ஆறு. டயானா இறந்து அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. நியூட்டன் இறந்து 275 வருடம். துக்கம் ஆறாத வீட்டில் புவியீர்ப்பு விசையைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? ஷேக்ஸ்பியருக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டு விழுந்திருக்கலாம். உயிலில் மனைவிக்கு "இரண்டாவது நல்ல கட்டிலை" மட்டும் எழுதிவைத்தவர் என்று பெண்கள் யாராவது நினைவில் வைத்திருந்தார்களோ என்னவோ.

உண்மையான சண்டை முதல் இரண்டு இடத்துக்குத்தான்.

புரூனலுக்கு வக்கீல், கார் நிகழ்ச்சிகளில் எந்த வண்டியையும் வாயாலேயே ஓட்டிக்காட்டும் ஜெரமி கிளார்க்சன். தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம், பிரிஸ்டலில் தொங்குபாலம், லண்டனிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை என்று அவர் அடுக்க அடுக்க, இந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் பிரிட்டனே கடலுக்குள் மிதந்து போயிருக்கும் என்று தோன்றிவிடும். புரூனல் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மாணவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு ஓட்டுத் திரட்டினார்கள். சொந்த ஊர்க்காரன், சொந்தச் சாதிக்காரன் என்று ஓட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறோம். சொந்தக் கல்லூரிச் சான்றிதழில் அச்சடித்த பெயர் என்று ஓட்டுக் கேட்டது புதுசு.

வக்கீல் என்றால் சில தாள்களைக் கட்டுக்கு அடியில் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்தாலும் நமக்குக் கண்ணில் படுகிறதே. ஊரெல்லாம் தண்டவாளத்துக்கு நடுவே நாலடி எட்டரை அங்குலம் விட்டபோது இவர் மட்டும் ஏழடியும் கால் அங்குலமும் விட்டார். வண்டி ஆடாது, வேகம் கூடும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் இரண்டு பாதையும் சந்திக்கும் ஊரில் சனங்களும் சரக்கும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டிக்கு ஓடவேண்டும். 1892-இல் அந்த அகலப் பாதையை மொத்தமாகப் பிடுங்கிப்போட்டார்கள்.

அதைவிட அழகு, டெவன் பக்கம் அவர் போட்ட காற்று ரயில். எஞ்சினே கிடையாது. தண்டவாளத்துக்கு நடுவே ஒரு குழாய். அதிலிருந்து காற்றை உறிஞ்சினால் உள்ளே இருக்கும் தண்டு முன்னால் ஓடும். தண்டோடு வண்டியும் ஓடும். குழாயின் மேல் பிளவை மூட தோல் பட்டை, தோல் காயாமலிருக்கக் கொழுப்புப் பூச்சு. கரி இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. பயணிகளுக்கு ஏகக் குஷி. தோல் காய்ந்து விரிந்து, காற்றுக் கசிந்து, ஒரு வருடத்துக்குள் கடையைக் கட்டினார்கள். கொழுப்பு ருசிக்காக எலிகள் தோலைத் தின்றுவிட்டன என்று ஒரு கதை இன்றுவரை ஓடுகிறது. அது உண்மையோ பொய்யோ, கணக்குப் புத்தகத்தில் எலியைச் செலவுத் தலைப்பில் காட்டவைத்த பொறியாளர் என்ற பேர் நிலைத்துவிட்டது.

கடைசியாக ஒரு கப்பல் செய்தார். கிரேட் ஈஸ்டர்ன். 211 மீட்டர் நீளம், நாலாயிரம் பேர் ஏறலாம், கரி நிரப்ப எங்கும் நிற்காமல் கீழை நாடுகளுக்குப் போய்ச் சேரலாம். ஒரே ஒரு குறை: தண்ணீருக்குள் இறங்க மாட்டேன் என்றது. 1857 நவம்பரில் ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டிருக்க, தள்ளினார்கள். கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டது. மறுபடி தள்ளினார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் கல்யாணத்துக்கு முரண்டு பிடிக்கும் பெண்ணைப்போல் கரையிலேயே உட்கார்ந்திருந்து, 1858 ஜனவரி கடைசி நாளில்தான் இறங்கியது. பிரம்மாண்டமான சங்கிலிகளுக்கு முன்னால், உயரத் தொப்பியும் சேறுபடிந்த கால்சட்டையும் வாயில் சுருட்டுமாகப் புரூனல் நிற்கும் புகைப்படம் இந்தச் சமயத்தில் எடுத்ததுதான். மாமனிதரின் மிடுக்கு என்று எல்லோரும் சொல்லும் படம். எனக்கென்னவோ மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை வரக் காத்திருக்கும் பெண்ணைப் பெற்றவரின் முகம்தான் தெரிகிறது. பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்கத் தெரியாத அந்தக் கப்பல் பிற்பாடு கடலடியில் தந்திக் கம்பி போட்டுப் பிழைத்தது. 1870-இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் நடுவே கம்பி போட்டதும் அதுதான். அதையெல்லாம் பார்க்கப் புரூனல் இல்லை, 1859-லேயே போய்விட்டார்.

எதிர்த் தரப்பில் வின்ஸ்டன் சர்ச்சில். வாதாடியவர் முன்னாள் அமைச்சர் மோ மௌலம். அவருக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. 1940 என்ற வருடத்தைச் சொன்னால் போதும். ஐரோப்பா முழுக்க ஹிட்லர் கையில் விழுந்துகொண்டிருந்தபோது, சமாதானம் பேசலாமா என்று சுற்றியிருந்தவர்கள் யோசித்தபோது, முடியாது என்று நின்றவர். அந்த வருடத்துக்காக அவருக்கு எத்தனை ஓட்டு வேண்டுமானாலும் போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் மற்ற வருடங்களில்தான். ராணுவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாவது முறை தேறினார். அது போகட்டும், அரியர் வைக்காத மாமனிதர் யார்? 1904-இல் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து லிபரல் கட்சிக்குத் தாவினார்; இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தார். நம் ஊரில் இதற்குத் தாய்க் கழகம் திரும்புதல் என்று பெயர், சால்வை போடுவார்கள். 1915-இல் டார்டனல்ஸ் ஜலசந்தியைப் பிடிக்கக் கப்பல்களை அனுப்பினார், கலிப்போலியில் ஆயிரக்கணக்கில் ஆள் போனதுதான் மிச்சம், பதவியும் போனது. 1925-இல் நிதியமைச்சராக இருந்து பவுனைத் தங்கத்தோடு பழைய விலைக்கே கட்டிப்போட்டுத் தொழில்களைத் திணறவைத்தார். காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்தது 1931-இல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் ஸ்பியன் கோப் என்ற குன்றில் போயர்களோடு பிரிட்டிஷ் படை மோதியது. அந்தக் குன்றில் ஏறி இறங்கியவர்களில் நிருபரும் அதிகாரியுமாக இரட்டை வேடம் போட்ட 25 வயதுச் சர்ச்சில் ஒருவர். அடிபட்டவர்களைத் தூளியில் தூக்கிச் சென்ற இந்தியத் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கிய 30 வயது வக்கீல் இன்னொருவர். அப்போது அந்த வக்கீல் சீருடை முழுக்க அணிந்திருந்தார். பாதியைப் பார்த்துக் கோபப்படச் சர்ச்சில் இன்னும் 31 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1943-ஐச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கிண்டல் வருவதில்லை. வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் செத்தார்கள். புயல், பர்மா அரிசி நின்றுபோனது, பதுக்கல் என்று காரணங்களைப் பங்குபோட்டுக்கொள்ள நிறையப் பேர் உண்டு. கப்பல் அனுப்புங்கள் என்று டெல்லியிலிருந்து கெஞ்சியபோது லண்டனில் இழுத்தடித்த அமைச்சரவைக்குத் தலைவர் யார் என்பதில் பங்கு பிரிக்க ஒன்றும் இல்லை. பட்டிமன்றத்தில் அந்த 30 லட்சம் பேர் சார்பில் பேச யாரையும் கூப்பிடவில்லை. அவர்களுக்கு பி.பி.சி. தொலைபேசி எண்ணும் தெரியாது.

உள்ளூர்க்காரர்களே 1945-இல், ஐரோப்பாவில் போர் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், நன்றி ஐயா, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று தேர்தலில் தோற்கடித்தவர்கள்தான். எட்டு வருடம் கழித்து நோபல் பரிசு வந்தது. சமாதானத்துக்கு இல்லை, இலக்கியத்துக்கு.

2002 நவம்பரில் எண்ணி முடித்தபோது சர்ச்சிலுக்கு 4,56,498 ஓட்டு, புரூனலுக்கு 3,98,526. நாஜிகளை வென்றவருக்கும் நாணயத்தை விழுங்கியவருக்கும் நடுவே 57,972 ஓட்டுத்தான் வித்தியாசம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் இதைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தவர்கள் நம் ஊரில் பெயர் தெரியாமல் இருக்கிறார்கள்.

பத்தாவது இடத்தைச் சொல்லாமல் போனால் பாவம். அது ஆலிவர் கிராம்வெல். மன்னர் முதலாம் சார்லஸின் தலையை 1649 ஜனவரி 30-இல் வெட்டிவிட்டு, மன்னரே இல்லாத நாட்டுக்கு மன்னர் மாதிரி இருந்தவர். 1658-இல் காய்ச்சலில் இறந்தார். ராஜ மரியாதையோடு புதைத்தார்கள். இரண்டு வருடத்தில் வெட்டுண்ட மன்னரின் மகன் திரும்பி வந்தான். வந்ததும் கிராம்வெல்லைத் தோண்டி எடுத்து, 1661-இல் அதே ஜனவரி 30-ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். ஏற்கெனவே செத்தவர் மறுபடி சாகவேண்டும் என்பது தண்டனை. நாள் பார்த்துச் செய்ததில் அவர்கள் நம் ஜோசியர்களுக்குச் சளைத்தவர்களில்லை. பிறகு தலையை வெட்டி ஒரு கழியில் குத்தி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக் கூரையில் நட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் மழையிலும் வெயிலிலும் அங்கேயே இருந்து நாட்டு நிர்வாகத்தைக் கவனித்துவந்தது. ஒரு புயலில் கீழே விழுந்து, யாரோ எடுத்துப்போய், கை மாறி, காட்சிப் பொருளாகி, விலைக்குப் போய், கடைசியில் 1960-இல் கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரியில் புதைத்தார்கள். சரியான இடத்தை வெளியே சொல்வதில்லை. மறுபடியும் யாராவது தோண்டிவிட்டால்?

இதற்கு நடுவே 1899-இல் பாராளுமன்ற வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அயர்லாந்து உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். ட்ரோஹெடாவில் அவர் படை செய்த கொலைகளை அவர்கள் மறக்கத் தயாராக இல்லை. அரசுப் பணம் தரக்கூடாது என்றாகிவிட்டது. முன்னாள் பிரதமர் ரோஸ்பரி பெயர் சொல்லாமல் தன் பையிலிருந்து கொடுத்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தேவாலயச் சுவரில், கிராம்வெல்லைப் பார்த்தபடி முதலாம் சார்லஸின் சின்ன மார்பளவுச் சிலை. தலை மட்டும் போனவருக்குத் தலை உள்ள சிலை. தலை மட்டும் மிஞ்சியவருக்கு முழு உடம்புச் சிலை. இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னொரு காலத்தில் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் ஒரு போர்க்கப்பலுக்குக் கிராம்வெல் பெயரை வைக்கலாமே என்று அரசரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்தாம் ஜார்ஜ் மாட்டேன் என்றுவிட்டார். குடும்பத் தகராறு 250 வருடமானாலும் குடும்பத் தகராறுதான்.

இந்தக் கூத்து மற்ற நாடுகளுக்கும் பிடித்துப்போனது. ஜெர்மனியில் 2003-இல் நடத்தியபோது நாஜிக்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்று முதலிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள், புத்திசாலிகள். ஆனால் மொசார்ட்டைப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர் எங்கள் பிள்ளை என்று ஆஸ்திரியா கிளம்பியது. மொசார்ட் பிறந்த 1756-இல் ஸால்ஸ்பர்க் ஆஸ்திரியாவிலேயே இல்லை, ஒரு பேராயரின் தனி ஆட்சியில் இருந்தது என்ற விவரம் இரு தரப்புக்கும் வசதியாக மறந்துபோனது. தொலைபேசி கிரகாம் பெல் இன்னும் கெட்டிக்காரர். ஸ்காட்லாந்தில் பிறந்ததால் பிரிட்டன் பட்டியலில் 57. கனடாவில் வீடு இருந்ததால் அங்கே 9. அமெரிக்கக் குடிமகன் என்பதால் அமெரிக்கப் பட்டியலிலும் இடம். மூன்று ரேஷன் கார்டு வைத்து மூன்று கடையிலும் சர்க்கரை வாங்கிய ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

நெதர்லாந்தில் 2004-இல் போட்டி, நாட்டின் தந்தை என்று சொல்லப்படும் ஆரஞ்சு வில்லியத்துக்கும் அரசியல்வாதி பிம் ஃபோர்டைனுக்கும். ஒருவர் 1584-இல் சுடப்பட்டுச் செத்தவர், இன்னொருவர் 2002-இல் சுடப்பட்டுச் செத்தவர். ஃபோர்டைன் ஜெயித்தார் என்று நேரலையில் அறிவித்துக் கைதட்டி முடித்தபிறகு, எண்ணாமல் விட்ட ஓட்டுக்களையும் சேர்த்தால் வில்லியம்தான் முதல் என்று தெரியவந்தது. நேரத்துக்குள் எண்ணியதுதான் கணக்கு, அறிவித்தது அறிவித்ததே என்று முடித்துக்கொண்டார்கள். மறு எண்ணிக்கை கேட்க வில்லியத்துக்கு ஏஜெண்ட் இல்லை. அதே போட்டியில் ஆன் ஃபிராங்க் பெயர் வந்தபோது, அந்தப் பெண் டச்சுக் குடியுரிமை இல்லாமலே செத்தவள் என்று யாருக்கோ ஞாபகம் வந்து, இப்போதாவது கொடுக்கலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. செத்தவர்களுக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. பெல்ஜியத்தில் இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் விஷப்பரீட்சையே வைத்துக்கொள்ளவில்லை; இரண்டு தொலைக்காட்சி, இரண்டு போட்டி, இரண்டு மாமனிதர்கள்.

இந்தியாவில் 2012-இல் நடந்தபோது காந்திக்கு மட்டும் அனுமதி இல்லை. காந்திக்குப் பிறகு யார் என்பதுதான் கேள்வி. இவன் எழுதினால் மற்றவர்களுக்கு ராங்க் கிடைக்காது என்று வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கப்பட்ட ஒரே மாணவர். அம்பேத்கர் முதலிடம் பெற்றார். உயிரோடு இருந்தவரை காந்தியோடு நேருக்கு நேர் நின்று வாதாடியவருக்கு, அவர் இல்லாத மைதானத்தில் கோப்பை கொடுத்ததை அம்பேத்கரே ரசித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆளை உள்ளே விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லக்கூடியவர் அவர்.

போர்ச்சுகல் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 36 வருடம் பிரதமர் என்ற பெயரில் சர்வாதிகாரம் செய்தவர் சலாஸார். 1968-இல் ஓய்வெடுக்கப் போன இடத்தில் நாற்காலி சரிந்து கீழே விழுந்தார் என்கிறார்கள். தலையில் அடி, மூளையில் ரத்தக் கசிவு. பிழைக்க மாட்டார் என்று வேறொருவரைப் பிரதமராக நியமித்தார்கள். கிழவர் பிழைத்துக்கொண்டார். இப்போது அவரிடம் யார் போய்ச் சொல்வது? யாரும் சொல்லவில்லை. 1970-இல் சாகும்வரை நாட்டைத் தான்தான் ஆள்வதாக நம்பிக்கொண்டு இருந்தார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டிக்கொண்டு இருந்தார்கள். வீட்டில் பெரியவரிடம் நிலம் விற்றுவிட்ட சேதியைச் சொல்லாமல் வருடாவருடம் குத்தகை நெல் வந்ததாகக் கணக்குக் காட்டுவார்களே, அந்த மாதிரி.

2007-இல் அங்கே போட்டி நடந்தபோது முதலில் உலவவிட்ட பெயர்களில் சலாஸார் இல்லை. இதென்ன, சர்வாதிகாரி போன பிறகும் தணிக்கையா என்று சத்தம் வந்ததும் சேர்த்தார்கள். சேர்த்ததும் ஜெயித்துவிட்டார். 41 சதவீதம். இரண்டாவது இடம் அல்வாரோ குன்யாலுக்கு. சலாஸார் ஆட்சியில் பதினோரு வருடம் சிறையில் கிடந்து, 1960-இல் கோட்டைச் சிறையிலிருந்து தப்பி ஓடிய கம்யூனிஸ்ட் தலைவர். மூன்றாவது இடம் அரிஸ்டிடெஸ் டி சோசா மென்டெஸுக்கு. 1940-இல் பிரான்ஸின் போர்டோ நகரில் துணைத் தூதராக இருந்து, கொடுக்காதே என்ற சலாஸார் உத்தரவை மீறி, நாஜிகளிடமிருந்து தப்பி ஓடி வந்தவர்களுக்கு விசா எழுதி எழுதிக் கொடுத்து, அதற்காகவே வேலை பறிபோய் வறுமையில் செத்தவர். ஆக முதல் மேடையில் அடித்தவர். இரண்டாம் மூன்றாம் மேடையில் அவரிடம் அடிவாங்கியவர்கள். பரிசளிப்புப் படம் எடுத்திருந்தால் மூவரையும் பக்கத்தில் நிற்கவைக்கப் படக்காரர் பாடுபட்டிருப்பார். பதவி போனது தெரியாமலே செத்தவருக்கு இந்தப் பதவி கிடைத்ததும் தெரியாது என்பதுதான் ஆறுதல்.

இப்படி எந்தப் பெரிய மனிதரை எடுத்து உதறினாலும் தூசி பறக்கிறது. ஒருவருக்குக் கலிப்போலி, ஒருவருக்கு எலி, ஒருவருக்குத் தூக்குமேடை. பிறந்துவிட்டால் வாழவேண்டியிருக்கிறது, வாழ்ந்தால் எதையாவது செய்துதொலைக்கிறார்கள். இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் செக் நாட்டுக்காரர்கள். (பிரிட்டன்காரர்களும் லேசாக நெருங்கினார்கள், இருந்தாரா இல்லையா என்றே தெரியாத ஆர்தர் மன்னருக்கு 51-ஆம் இடம் கொடுத்திருந்தார்கள். துணிச்சல் போதவில்லை.)

2005-இல் செக் தொலைக்காட்சி இதே போட்டியைத் தொடங்கியது. முதல் சுற்றில் ஓட்டு வந்து குவிந்தது யாரா சிம்ர்மன் என்பவருக்கு. அவர் யார் என்று கேட்காதீர்கள். எந்தச் செக்காரரைக் கேட்டாலும் கண் சிமிட்டாமல் சொல்வார். வியன்னாவில் செக் தையற்காரருக்கும் ஆஸ்திரிய நடிகைக்கும் பிறந்தவர். பிறந்த வருடம் 1853-க்கும் 1859-க்கும் நடுவில் ஏதோ ஒன்று. சிக்கனமான குடும்பம், அக்காவின் பழைய உடையை உடுத்திப் பெண்கள் பள்ளியில் படித்தார், தான் பையன் என்பதே பதினைந்து வயதில்தான் தெரியவந்தது. நாடகாசிரியர், விஞ்ஞானி, விளையாட்டு வீரர், நாடு சுற்றி, தத்துவஞானி. பனாமா கால்வாய் யோசனையை அமெரிக்காவுக்குக் கொடுத்தவர் அவர்தான். கூடவே அதைப் பற்றி ஒரு இசை நாடகமும் எழுதிக் கொடுத்தார். மின் விளக்கைக் கண்டுபிடித்தார், எடிசன் முந்திக்கொண்டார். வட துருவத்துக்குப் போனார். ஏழு மீட்டர் பாக்கியிருக்கும்போது திரும்பவேண்டியதாயிற்று. முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரே ஒரு மார்பளவுச் சிலைதான் மிஞ்சியிருக்கிறது; அதிலும் முகம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

இத்தனைக்கும் அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை. 1966-இல் ஒரு வானொலி நகைச்சுவை நிகழ்ச்சிக்காக ஸ்வெராக், ஸ்மோல்யக், ஷெபானெக் என்ற நண்பர்கள் கிளப்பிவிட்ட கற்பனை. அடுத்த வருடமே அவர் பெயரில் நாடகக் குழுவும் தொடங்கினார்கள். இன்றும் பிராகில் நடக்கிறது. நாடகத்தின் முதல் பாதி முழுக்கக் கோட்டுப் போட்ட "அறிஞர்கள்" வந்து சிம்ர்மனின் வாழ்க்கையைப் பற்றி ஆய்வுரை வாசிப்பார்கள், யாரும் சிரிக்காமல். இரண்டாம் பாதியில் அவர் "எழுதிய" நாடகம். கட்சி மேடையில் தினமும் மாமேதைகளின் வாழ்க்கை வரலாற்றை அதே குரலில் கேட்டுக்கொண்டிருந்த கம்யூனிஸ்ட் நாட்டில், அந்த ஆய்வுரை எதைக் கிள்ளுகிறது என்று பார்வையாளர்களுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. இப்போது வானத்தில் 7796 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயர்தான். சர்ச்சிலுக்கு ஐந்து பவுன் நோட்டில் படம் போட்டது 2016-இல். அதே வருடம் நோட்டு என்ன பாடுபடும் என்று பார்த்துவிட்ட நமக்குச் சிறுகோள்தான் பத்திரமான முதலீடாகத் தெரிகிறது.

தொலைக்காட்சிக்காரர்கள் தவித்துப்போனார்கள். நிகழ்ச்சியோ பி.பி.சி.யிடம் உரிமம் வாங்கியது. இல்லாதவர் ஜெயித்தால் மணிநேர ஆவணப்படத்துக்கு எலும்பை எங்கே தேடுவது? கற்பனை மனிதர்களுக்கு இடமில்லை என்று அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். ஜனங்கள் மனு எழுதினார்கள், எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மகுடம் நான்காம் சார்லஸ் சக்கரவர்த்திக்குப் போனது. பிராகில் 1348-இல் பல்கலைக்கழகம் நிறுவியவர், பாலம் போட்டவர், நல்ல மனிதர். சின்ன வயதில் பிரான்ஸில் வளர்ந்து, வாட்ஸ்லாவ் என்று வைத்த செக் பெயரை அங்கே சார்லஸ் என்று மாற்றிக்கொண்டு வந்தவர் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

சிம்ர்மன் எப்போதும்போல இதையும் ஏழு மீட்டரில் கோட்டைவிட்டார். எல்லாத் தகுதியும் இருந்தது. பிறந்த தேதியை மட்டும் நிரூபிக்க முடியவில்லை.